காலை 7.45 வேன்

2023 ஜூன். அந்த வருஷம் வெயில் தாங்க முடியாமல் பள்ளி திறக்கும் தேதி இரண்டு தடவை தள்ளிப் போய், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு ஜூன் 14-ஆம் தேதிதான் திறந்தார்கள். திறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எனக்குப் பள்ளியிலிருந்து போன். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள்.

திருச்சி தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். ஆபீஸ் ரூம் பெஞ்சில் படுக்க வைத்து, கையில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் காதோடு காதாகச் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, மிஸ் கேட்டாங்க, காலையில சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்" என்பதுதான். சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அரை தோசையைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டே வேனுக்கு ஓடினாள், மீதி தட்டில் அப்படியே கிடந்தது. தினமும் அப்படித்தான் கிடந்தது. நான்தான் அதைப் பிள்ளையின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார், இடது பக்கம் கீழே அமுக்கும்போது அவள் முகம் சுருங்கியது. "பாப்பா டாய்லெட் எப்பம்மா போறா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதுப் பெண், தானே போய்விட்டு வருகிறாள், நான் எதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவர் அவளையே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மூணு நாளைக்கு ஒரு தடவ" என்றாள். தண்ணீர்? "பாட்டில்ல பாதி கூடக் குடிக்க மாட்டேன்." ஏன்? பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல அங்கிள்" என்றாள்.

அன்றைக்கு டாக்டர் சொன்னதை எங்கள் வீட்டு நடப்போடு சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் தூங்கப் போவது பதினொன்றரை, எழுவது ஒன்பது. பள்ளி திறந்ததும் எழும் நேரத்தை மட்டும் அடித்துப் பிடித்து ஏழுக்கு இழுத்தோம், தூங்கும் நேரம் பதினொன்றுக்குக் குறையவில்லை. ஏழு மணிக்கு எழுந்த பிள்ளை 7.45 வேனுக்குப் பல் தேய்த்து, குளித்து, தலை பின்னி, யூனிஃபார்ம் போட்டுக் கிளம்ப வேண்டும். இதில் கக்கூஸில் உட்கார நேரம் எங்கே? அடக்கிக்கொண்டு போவாள். பள்ளியில் தாழ்ப்பாள் இல்லாததால் அங்கேயும் அடக்குவாள், போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். தண்ணீர் இல்லாமல் மலம் இறுகும், இறுகினால் போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவாள். வயிறு இப்படி அடைத்துக்கொண்டிருந்தால் பசி எப்படி எடுக்கும்? காலை தோசையும் மதிய டிபன் பாக்ஸும் திரும்பி வரும். நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் பசி தாங்காமல் பிஸ்கெட் பாக்கெட்டை ஒரேயடியாகக் காலி செய்வாள். அப்புறம் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு இறங்காது, பத்து மணிக்கு அப்பா வந்தபின்தான் சாப்பிடுவாள். சாப்பிட்டுத் தூங்கப் பதினொன்று. மறுநாள் மறுபடி ஏழு மணி.

செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் வட்டத்தில் ஓர் இடத்தை மட்டும் பார்த்து, தோசைத் தட்டைப் பார்த்து, அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. டாக்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி எழுதிக் கொடுத்தார், வயிறு சரியாக ரெண்டு மூணு மாதம் பிடித்தது. மற்றபடி நாங்கள் செய்தது எழுப்பும் நேரத்தை ஆறுக்குக் கொண்டுபோனதும், குரலை உயர்த்தியதும்தான். தூங்குவது அதே பதினொன்று. ஏழு மணி நேரத் தூக்கத்தில் பிள்ளை வேனில் தூங்கினாள், கணக்கு வகுப்பில் தூங்கினாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது தூக்கம் பற்றிய மருத்துவர்களின் பொதுவான அளவு. அதை நான் படித்தது அந்த வருஷம் தீபாவளிக்கு அப்புறம்தான்.

அடுத்த வருஷம், 2024-இல், மே மாதம் பாதியிலேயே ஆரம்பித்தோம். சின்னவன் அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு போக வேண்டும், பெரியவள் ஐந்தாவது.

முதலில் எதைத் தொடுவது என்று யோசித்தேன். எல்லோரும் சொல்வது சீக்கிரம் படுக்க வை என்று. பதினொன்றரைக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால் தூக்கம் எப்படி வரும், உருண்டுகொண்டே கிடக்கும், நமக்குக் கோபம்தான் வரும். அதனால் எழும் நேரத்தைப் பிடித்தோம். ஒன்பதிலிருந்து எட்டரை, மூன்று நாள் கழித்து எட்டு, இன்னும் மூன்று நாள் கழித்து ஏழரை, இப்படியே ஆறு வரைக்கும். எழுந்ததும் நேராக மொட்டை மாடி, வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மாடியில் அத்தை வைத்திருக்கும் துளசிக்கும் கற்றாழைக்கும் தண்ணீர் ஊற்றுவது இருவருக்கும் வேலை. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கம் தானே முன்னால் வரும். பெரியவளுக்கு மதியத் தூக்கத்தை நிறுத்தினோம், சின்னவனை மூன்று மணிக்கு எழுப்பிவிடுவோம். இரண்டாவது வாரக் கடைசியில் ஒன்பதேகாலுக்கே சின்னவன் என் மடியில் சாய்ந்தான். யாரும் படு என்று சொல்லவில்லை.

திருச்சி மே மாதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கத்திரி வெயிலில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடும். அந்த நாட்களில் சாயங்காலம் மாடித் தரையில் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டு, பாய் போட்டு அங்கேயே படுத்தோம். பிள்ளைகள் சீக்கிரம் தூங்கியதில் அந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு.

எழுவதைச் சரி செய்தாயிற்று, ராத்திரிச் சாப்பாடுதான் உண்மையான தகராறு. என் கணவருக்குப் பெரிய கடைவீதிப் பக்கம் ஹார்டுவேர் கடை, பூட்டி வீட்டுக்கு வர மணி பத்து ஆகும். அப்பா வந்தபின் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அவருக்கும் நாள் முழுக்கக் கடையில் நின்றதற்கு அந்த ஒரு மணி நேரம்தான் மிச்சம். "என்னங்க, இனிமே பிள்ளைங்க ஏழரைக்குச் சாப்பிடட்டும்" என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் வரும்போது தூங்கிட்டு இருப்பாங்க. நான் எப்ப பாக்குறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரெண்டு நாள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

வழி கிடைத்தது வேறு இடத்தில். எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்காவின் மகன் மாநகராட்சிப் பள்ளியில் மூணாவது. வீட்டில் ஒரு வாய் இட்லிக்கு அழ வைப்பவன், பள்ளியில் காலையில் போடும் பொங்கலையும் கிச்சடியையும் தட்டு நிறையச் சாப்பிடுகிறான் என்று அந்த அக்கா சொல்வார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதனால் எத்தனை வீடுகளில் காலை நேரம் நிம்மதியானது என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி. "எல்லாப் பிள்ளைங்களும் வரிசையா உக்காந்து சாப்பிடும்போது இவனும் சாப்பிடுறான், வீட்டுல தனியா வச்சா இறங்கல" என்றார் அந்த அக்கா.

கூட உட்காரும் ஆள்தான் குறை என்று அப்போது உறைத்தது. எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளோடு உட்காருவது யார்? நான் அடுப்படியில், அத்தை பூஜையில், அவர் எட்டு மணிக்கு எழுவார். சரி, ராத்திரி சேர்ந்து சாப்பிடுவதைக் காலைக்கு மாற்றுவோம் என்று சொன்னேன். அவர் ஆறரைக்கு எழ ஒத்துக்கொண்டார். ஆறே முக்காலுக்கு மூன்று பேரும் தரையில் உட்காருவார்கள், அவர் இட்லியைப் பிட்டுச் சின்னவன் தட்டில் வைத்துக்கொண்டே கடைக்கு வந்தவர்களைப் பற்றி ஏதாவது சொல்லுவார், நேற்று யாரோ ஒரு கிலோ ஆணி கேட்டுவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார் என்கிற மாதிரி. பேச்சு சுவாரசியத்தில் நாலு இட்லி உள்ளே போய்விடும். இப்போது அவரே சொல்கிறார், ராத்திரி பத்து மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைகளைப் பார்த்ததைவிட இது எவ்வளவோ மேல் என்று.

அடுத்து கக்கூஸ். இதைப் பற்றி எழுத நிறைய பேர் கூச்சப்படுகிறார்கள், ஆனால் என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் கொடுத்தது இதுதான். வயிற்றுக்குள் ஏதாவது சூடாகப் போனதும் குடல் தானே அசையும், அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். ஆறேகாலுக்கு ஒரு டம்ளர் பால், பத்து நிமிஷம் கழித்துப் போய் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட், உட்கார்ந்தால் பிள்ளைகளின் கால் தொங்கும். கால் தொங்கினால் முக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அத்தை அடுப்படியில் உட்காரும் பலகை மணை ஒன்று இருந்தது, அதைக் காலுக்குக் கீழே போட்டோம். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து பத்து நிமிஷம், கையில் போன் கிடையாது, கதவைத் தட்டி அவசரப்படுத்துவதும் கிடையாது. முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாரத்தில் நாலு நாள், அப்புறம் தினமும். பெரியவளுக்கு வயிறு லேசானதும் ஒரு நாள் காலை அவளாகவே "அம்மா பசிக்குது" என்றாள். அந்த வார்த்தையை நான் அவள் வாயிலிருந்து காலை நேரத்தில் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன்.

தாழ்ப்பாள் விஷயத்தை 2023-லேயே பள்ளியில் பேசினோம். தனியாகப் போனால் குறை சொல்ல வந்ததாக ஆகிவிடும் என்று அதே வேனில் பிள்ளைகளை அனுப்பும் நாலு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் தெரிந்தது, அவர்களுடைய பெண் பிள்ளைகளும் அதே காரணத்துக்காகத் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு நீர்க்கடுப்பு வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். தலைமையாசிரியை மறுக்கவில்லை, ஒரு வாரத்தில் தாழ்ப்பாள் போட்டுத் தந்தார்கள், ஒரு வாளியும் வைத்தார்கள். அதிலிருந்து நான் பிள்ளையிடம் "டாய்லெட் போனியா" என்று கேட்பதில்லை. அதற்கு ஆமாம் என்றுதான் பதில் வரும். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மிஸ்ஸிடம் கேட்டால் உடனே விடுகிறார்களா, உள்ளே வெளிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பெண் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே இதைக் கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் ‘வாட்டர் பெல்’ கேரளப் பள்ளிகளில் 2019-இலேயே வந்தது, நம் தமிழ்நாட்டிலும் 2025-இல் கொண்டு வந்தார்கள். நல்ல காரியம். ஆனால் பாத்ரூம் சரியில்லாவிட்டால் எத்தனை மணி அடித்தாலும் பிள்ளை குடிக்காது.

சின்னவன் கதை வேறு. 2024 ஜூன் 10 பள்ளி திறந்தது, முதல் மூன்று நாளும் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. தயிர் சாதம் பிடிக்கவில்லையோ என்று எலுமிச்சை சாதம், அதற்கும் அப்படியே. நாலாவது நாள் அவனை உட்கார வைத்து, "எப்படிச் சாப்பிடுவ, செஞ்சு காட்டு" என்றேன். பாக்ஸை எடுத்தான், நாலு பக்கமும் க்ளிப் வைத்த புது பாக்ஸ், பள்ளி திறப்புக்கென்று ஆசையாக வாங்கியது. க்ளிப்பில் கட்டை விரலை வைத்து நெம்பினான், நகம் வெளுத்தது, திறக்கவில்லை. சாதம் சூடாக அடைத்ததால் உள்ளே ஆவி இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்று நாளும் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடந்திருக்கிறான். அன்று மாலையே பழைய எவர்சில்வர் டப்பாவுக்கு மாறினோம். மூடி லூசாக இருக்கும், கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும். சாதத்தை ஆறவிட்டு அடைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே மதியச் சாப்பாட்டை அதே டப்பாவில் அடைத்து, பாட்டிலும் ஸ்பூனும் கொடுத்து, இருபது நிமிஷத்தில் தானே திறந்து சாப்பிட்டு மூடி வைக்கச் சொல்லிப் பழக்கினோம். அவன் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் அடைத்துக்கொண்டிருந்ததில் பாதி.

பையும் அப்படித்தான். ஒரு நாள் பெரியவளைக் கடைத் தராசில் நிற்க வைத்துப் பார்த்தார் அவள் அப்பா, 28 கிலோ. பை மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது என்று 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது, அவளுக்கு 2.8 கிலோ. கொட்டிப் பார்த்தால் முடிந்துபோன நோட்டு, இரண்டு ஜியாமெட்ரி பாக்ஸ், ஒரு வார டைம்டேபிளுக்கான புத்தகம் மொத்தமும் உள்ளே. இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அடுத்த நாள் டைம்டேபிள் பார்த்து அடுக்குவது அவர்கள் வேலை. யூனிஃபார்ம், சாக்ஸ், ரிப்பன் எல்லாம் அப்போதே ஒரே நாற்காலியில் வந்துவிட வேண்டும். காலையில் தேடும் நேரம் மிச்சமாவதில்தான் கக்கூஸ் நேரம் கிடைக்கிறது.

போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு மேல் பிள்ளைகள் கையில் போன் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டு நான் அதே அறையில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை கேட்கும்? பெரியவள் நேரடியாகவே கேட்டாள், "நீ மட்டும் பாக்குற?" என்று. அதனால் என் போனும் ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போய்விடும். அத்தையின் சீரியல் ஒன்பதரை வரை ஓடும், வயதானவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். பெரியவள் மயங்கி விழுந்ததிலிருந்து அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம், அவராகவே எட்டரைக்கு டிவியை அணைத்துவிட்டு, "வாங்கடா, ஆச்சி ஊரு கதை சொல்றேன்" என்று மணப்பாறைக் கதைகளை எடுத்தார். மாட்டுச் சந்தைக்குத் தாத்தா போன கதை மட்டும் இருபது தடவை கேட்டிருப்பார்கள்.

சாயங்காலத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாலரைக்கு வந்ததும் பிஸ்கெட்டுக்குப் பதில் சுண்டலோ வேகவைத்த கடலையோ ஒரு தோசையோ, அப்புறம் ஆறு வரை தெருவில் விளையாட்டு. ஆறிலிருந்து எட்டு வரை இருந்த டியூஷனை விட்டுவிட்டோம், அது இல்லாமல் போனதால் மார்க் ஒன்றும் குறையவில்லை. சனிக்கிழமை தலையில் எண்ணெய் வைத்துப் பேன் சீப்பு, அடுத்த சனிக்கிழமையும் கட்டாயம், ஈர் பொரிக்க ஒரு வாரம் ஆகும் என்பதால் ஒரு தடவையோடு விட்டால் பிரயோசனம் இல்லை. ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எல்லா நாளும் இப்படியே ஓடும் என்று நினைக்க வேண்டாம். கல்யாணம், தீபாவளி, ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி, சொந்தக்காரர்கள் வந்தால் பதினொன்று பன்னிரண்டு ஆகிவிடும். முதலில் நான் பதறினேன். இப்போது மறுநாள் எழும் நேரத்தை மட்டும் விடுவதில்லை, விடுமுறை நாளாக இருந்தாலும் ஏழு மணி, அதற்கு மேல் இல்லை. ஒரு நாள் தூக்கம் குறைந்தால் அன்று ராத்திரி எட்டரைக்கே படுத்துவிடுகிறார்கள், இரண்டு மூன்று நாளில் பழையபடி வந்துவிடும்.

இந்த ஏப்ரலில் எதிர் வீட்டில் பையனை எல்.கே.ஜி. சேர்க்கிறார்கள், பை வாங்க எந்தக் கடைக்குப் போகலாம் என்று அந்தப் பெண் கேட்டாள். பை அப்புறம் வாங்கிக்கலாம், முதலில் டப்பாவை எடுத்துக்கொண்டு பையனைக் கூட்டிட்டு வா என்றேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து டப்பாவை அவன் கையில் கொடுத்தோம். நெம்பிப் பார்த்தான், வரவில்லை. இரண்டாம் வகுப்பு முடித்த என் சின்னவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இப்படிப் பண்ணு, வயித்தோட சேத்துப் புடிச்சிக்கோ, அப்புறம் மூடியைத் தள்ளு" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.